ஆடி மாதத்தில் வீடு தேடியது

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதுகிற ஆள் இல்லை. பள்ளியில் சாதாரண தரப் பரீட்சை வரைக்கும்தான் படித்தேன். கடைசியாகக் கட்டுரை எழுதியது அந்தப் பரீட்சையில், மழைக்காலம் என்ற தலைப்பில். அதிலும் புள்ளி குறைவு. அதன் பிறகு நான் எழுதியதெல்லாம் கேக்கின் மேல்தான். அங்கே இருபது எழுத்துக்கு மேல் போனால் இடம் போதாது. எங்கள் தேவாலய மாதர் சங்க மலருக்கு, இந்தியா போன கதையை எழுதி அனுப்பச் சொல்லி மூன்று முறை கேட்டுவிட்டார்கள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன். ஊரைப் பற்றி விளக்கமாகச் சொல்ல என்னால் ஆகாது. எனக்கே பாதி விளங்கவில்லை.

போன காரணம் எல்லோருக்கும் தெரியும். திருகோணமலையில் நான் இருபத்தாறு வருடம் ஐசிங் வேலை செய்த பேக்கரி மூடப்பட்டது. கோயம்புத்தூரில் ஒரு பேக்கரிப் பயிற்சி நிலையத்தில், சீனியில் பூ செய்யக் கற்றுக்கொடுக்க ஆள் தேவை என்று தெரிந்தவர் மூலம் அழைப்பு வந்தது. நாற்பத்தொன்பது வயதில் ஆசிரியை. ஊரில் எல்லோரும் வாழ்த்தி, ஜெபம் செய்து, மாலை போட்டு அனுப்பினீர்கள். அந்த மாலைதான் பிறகு என்னை அதிகம் உறுத்தியது.

செவ்வாய்க்கிழமை காலை கொழும்பிலிருந்து திருச்சிக்கு விமானம். ஒரு மணி நேரம்கூட இல்லை, கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிக்கு முன் இறங்கிவிட்டது. அங்கிருந்து கோயம்புத்தூருக்குப் பேருந்தில் இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். கரூர், வெள்ளகோவில், காங்கேயம், பல்லடம் என்று ஐந்தரை மணி நேரம். கரூர் தாண்டியதும் நிலம் காய்ந்து, முள்வேலி போட்ட காடுகளாக வந்தது. காடு என்று நான் சொல்வது மரம் அடர்ந்த காடு அல்ல. பக்கத்து இருக்கைப் பெண் வயலையெல்லாம் காடு என்றுதான் சொன்னார். பல்லடத்துக்குப் பக்கத்தில் காற்றாலைகள், எண்ண எண்ணத் தீரவில்லை. அந்தப் பெண் என் பேச்சைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, நான் கேரளாவா என்று கேட்டார். இலங்கை என்றேன். "அப்படிங்களா, ஆனா தமிழ் நல்லாப் பேசறீங்க" என்றார். நன்றி சொன்னேன்.

மாலை ஐந்தரைக்குச் சிங்காநல்லூர் பேருந்து நிலையம். இரண்டு பொதிகளோடு நின்றேன். ஒன்று உடுப்புப் பை. மற்றது தகரப் பெட்டி. ஐசிங் குழல்கள், பூ அச்சுகள், உருட்டுக் கட்டைகள் எல்லாம் அதில்தான். பதினெட்டுக் கிலோ. அதைத் தூக்க வந்த ஆட்டோக்காரர் உள்ளே இரும்பா என்று கேட்டார். பூ என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வண்டியில் ஏற்றினார். பெயர் ரபீக், உக்கடத்துக்காரர், என் வயது இருக்கும். ஆர்.எஸ்.புரத்தில் பயிற்சி நிலையம் எனக்கு ஏற்பாடு செய்திருந்த பெண்கள் விடுதி வரை பதினொரு கிலோமீட்டர், இருநூற்றைம்பது ரூபாய். கற்றுக்கொடுக்க வந்திருக்கிறேன் என்று அறிந்ததும் டீச்சர் என்று கூப்பிடத் தொடங்கினார். நான் டீச்சர் இல்லை என்று சொல்ல நினைத்தேன். பிறகு, திங்கட்கிழமை வகுப்பு தொடங்கினால் நான் வேறு என்ன என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை காலை ஒன்பதரைக்குப் பயிற்சி நிலையத்தின் மேலாளரைப் பார்த்தேன். நல்ல பெண்மணி, வேகமாகப் பேசுவார். விஷயம் இதுதான். விடுதியில் எனக்கு ஞாயிறு வரைதான் இடம். வெளிநாட்டுக்காரர் எங்கே தங்கியிருக்கிறார் என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். வாடகை ஒப்பந்தம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் அதற்கென்று உள்ள படிவம். எப்படியானாலும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வர வேண்டும். வகுப்பு திங்கட்கிழமை. பாலக்காட்டில் இன்னொரு பெண் காத்திருக்கிறார். என் பத்திரம் சரியாகாவிட்டால் அவரைக் கூப்பிடுவதைத் தவிர வழியில்லை என்று வருத்தத்தோடுதான் சொன்னார். இரண்டு பக்கப் படிவத்தைக் கையில் தந்தார். மூன்று வீட்டு முகவரியும் எழுதித் தந்தார்.

பத்து மணிக்குப் பேருந்து ஏறினேன். நடத்துநரிடம் காசை நீட்டினால் வாங்கவில்லை. பெண்களுக்கு நகரப் பேருந்தில் காசு இல்லையாம். அது இந்த நாட்டுப் பெண்களுக்கு இருக்கும், நான் ஏமாற்றிப் போகக் கூடாது என்று பயந்து, நான் இலங்கை என்று சொல்லி மறுபடி நீட்டினேன். அவர் சீட்டைக் கிழித்து என் கையில் வைத்து, "இலங்கை லேடீஸும் லேடீஸ்தானுங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார். பேருந்தில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இறங்கும் வரை நான் சன்னலைத்தான் பார்த்தேன்.

முதல் வீடு சாய்பாபா காலனியில். இரண்டாவது வேலாண்டிபாளையத்தில். இரண்டு இடத்திலும் நடந்தது ஒன்றே. வாங்க வாங்க என்று உட்கார வைத்தார்கள். காப்பி தந்தார்கள். குழாயைத் திறந்து காட்டினார்கள். ஒரு குழாயில் சிறுவாணித் தண்ணீர், மற்றதில் உப்புத் தண்ணீர். சிறுவாணி என்று சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு பெருமை. உப்புத் தண்ணீர் என்றதும் நான் திகைத்தேன். எங்கள் ஊரில் உப்புத் தண்ணீர் என்றால் கடல். இங்கே சுற்றிலும் மலை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று பிறகு விளங்கியது. வீடு பிடித்திருக்கிறது, எப்போது வரலாம் என்று கேட்டால் மட்டும் பேச்சு வேறு பக்கம் போனது. ஒரு வீட்டில், "பாத்துச் சொல்றமுங்க" என்றார்கள். மற்ற வீட்டில் மீன் சமைப்பேனா என்று கேட்டுவிட்டு, நான் இல்லை என்று சொன்ன பிறகும், அதேபோல் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்கள். யாரும் இல்லை என்று சொல்லவில்லை. யாரும் சரி என்றும் சொல்லவில்லை. இரண்டு வீட்டிலும் கேட்டைத் தாண்டி வந்து வழியனுப்பினார்கள்.

மூன்றாவது வீடு வடவள்ளியில். மருதமலை போகும் பேருந்தில் ஏழு கிலோமீட்டர். இறங்கி வழி கேட்டேன். மேக்கால போய், வடக்கால திரும்பி, மறுபடி மேக்கால போகச் சொன்னார்கள். எனக்குத் திசை என்றால் கடல் இருக்கும் பக்கம் கிழக்கு, அவ்வளவுதான் தெரியும். மருதமலையைக் காட்டி அது எந்தத் திசை என்று கேட்டேன். வழி சொன்னவர் சிரிக்காமல், மலையைப் பார்த்து நின்றால் மேற்கு, முதுகைக் காட்டினால் கிழக்கு என்று சொல்லித் தந்தார். கடலுக்குப் பதில் மலை. அதன் பிறகு இந்த ஊரில் நான் அதிகம் வழி தவறவில்லை.

மேல் மாடிதான் வாடகைக்கு. கேட்டில் டு-லெட் பலகை தொங்கியது. கீழே வீட்டுக்காரர்கள். தங்கமணியம்மாவுக்கு அறுபதுக்கு மேல். அவர் கணவர் பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசமாட்டார். மகன் பெங்களூரில். மற்ற வீடுகளில் போலவே இங்கேயும், நான் கிறிஸ்தவர், தனி ஆள், இலங்கை, எல்லாவற்றையும் வாசலிலேயே சொல்லிவிட்டேன். பிறகு தெரிந்து சங்கடப்படுவதைவிட இது நல்லது என்று நினைத்தேன். அம்மா எல்லாவற்றுக்கும் சரிங்க சரிங்க என்றார். மாடியைத் திறந்து காட்டினார். ஓர் அறை, சமையலறை, பின்பக்கம் திறந்தால் மலை. எனக்கு அந்த இடத்தை விட்டு வர மனமில்லை. கீழே வந்து முன்பணம் வைத்திருந்த உறையை எடுத்து நீட்டினேன். அம்மா அதைத் தொடவில்லை. என் கையை மட்டும் பிடித்து உறையைப் பைக்குள் வைத்தார்.

"அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம் கண்ணு. நீங்க ஒண்ணும் கவலைப்படாம போயிட்டு வாங்க."

எப்போது வரலாம் என்றேன். பார்த்துக்கொள்ளலாம் என்றார். படிவத்தை எடுக்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. மாடிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பின்பக்கம் போனவர், ஒன்பது முருங்கைக்காயைக் கட்டி என் கையில் தந்தார். எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு ஒன்றைத் தர முடியாவிட்டால் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று வேறொன்றைக் கொடுப்போம். அப்படித்தான் இதுவும் என்று எடுத்துக்கொண்டேன். விடுதியில் எனக்கு அடுப்பு இல்லை. முருங்கைக்காயைச் சமையற்கார அக்காவிடம் கொடுத்தேன். அடுத்த நாள் சாம்பார் முழுக்க முருங்கைக்காய். எனக்குக் கிடைத்த மறுப்பை நானே அள்ளிச் சாப்பிட்டதுபோல் இருந்தது.

அன்று இரவு யோசித்தேன். தனியாக இருக்கிற பெண் என்பதாலா? மதமா? நாடா? மீனா? எந்தக் காரணத்தை நினைத்தாலும் அந்த மூன்று வீட்டாரின் முகத்தோடு பொருந்தவில்லை. வேண்டாத ஆளுக்கு யாரும் அப்படிக் காப்பி ஆற்றித் தரமாட்டார்கள். ஆனால் வேண்டிய ஆளுக்குச் சாவியைத் தராமலும் இருக்கமாட்டார்கள்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு மனதைத் திடப்படுத்திக்கொண்டு வடவள்ளிக்கு மறுபடி போனேன். நேராகக் கேட்டுவிடுவது, இல்லை என்றால் இல்லை என்று கேட்டுக்கொண்டு வந்துவிடுவது என்று பேருந்தில் மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்கு எதிர்ப் பக்கம் வந்ததும் கால் நின்றுவிட்டது. கேட்டில் பலகை இல்லை. பலகை தொங்கிய கம்பி மட்டும் வளைந்து நின்றது. வீடு வேறு யாருக்கோ போய்விட்டது. நான் நேற்றுத் திரும்பிய பிறகு யாரோ வந்து பிடித்துவிட்டார்கள். இனிப் போய் மணி அடித்தால் அவர்களுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். மாடியில் யாரோ நடமாடுவது தெரிந்தது. அது புதிதாக வந்தவர்களாக இருக்கும் என்று நினைத்தேன். அதற்குள் பேருந்து வந்தது. ஏறிவிட்டேன். காசு இல்லாத சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுகையை அடக்கினேன்.

மாலையில் இன்னும் நான்கு வீடுகள் பார்த்தேன். நான்கு காப்பி.

வெள்ளிக்கிழமை காலை மேலாளர் தொலைபேசியில் அழைத்தார். வீடு அமையவில்லை என்றேன். மாலை ஐந்து மணி வரை பார்க்கிறேன், பிறகு பாலக்காட்டுக்குச் சொல்லிவிடுவேன் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஐந்து மணி வரை விடுதியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்க்க என்னால் ஆகாது என்று தோன்றியது. பெட்டிகளைக் கட்டினேன். அன்றைக்கே திருச்சிக்குப் போய்விட்டால், மறுநாள் விமானத்துக்கு முயலலாம். ஊரில் எப்படி முகம் காட்டுவது என்பதுதான் தெரியவில்லை. மாலை போட்டவர்களிடம் முருங்கைக்காயும் காப்பியும் தந்தார்கள் என்றா சொல்வது?

முதல் நாள் எண் தந்திருந்த ரபீக்கை அழைத்தேன், மதியம் இரண்டு மணிக்கு அவர் ஆட்டோ வந்தது. சிங்காநல்லூர் என்றேன். யாரையாவது கூட்டிவரப் போகிறேனா என்று கேட்டார். நான் ஊருக்குப் போகிறேன் என்றேன். தகரப் பெட்டியைத் தூக்கப் போனவர் அப்படியே வைத்துவிட்டார். வேலை பிடிக்கவில்லையா, அடித்துவிட்டார்களா, யாராவது ஏதாவது சொன்னார்களா என்று வரிசையாகக் கேட்டார். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். வண்டி கிளம்பி ஒரு கிலோமீட்டர் போவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் முதுகைப் பார்த்துப் பேசுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

அவர் வண்டியை ஒரு பேக்கரி வாசலில் நிறுத்தினார். இந்த ஊரில் தெருவுக்கு ஒரு பேக்கரி. இங்கே பிரெட் என்கிற பாண் வாங்க வருகிறவர்களைவிட, நின்றுகொண்டு டீ குடிக்க வருகிறவர்கள்தான் அதிகம். இரண்டு டீ, இரண்டு தேங்காய் பன். டீ பதினைந்து ரூபாய்.

"பலகை எப்பங்க காணாமப் போச்சு?" என்றார்.

"நேற்று. புதன்கிழமை இருந்தது."

ரபீக் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. இந்த நான்கு நாளில் எனக்கு வந்த முதல் கோபம்.

"டீச்சர், இது ஆடி மாசமுங்க. ஆடில இந்த ஊர்ல யாரும் குடி போகமாட்டாங்க, குடி வைக்கவும் மாட்டாங்க. அட்வான்ஸ் வாங்கமாட்டாங்க. சாவி குடுக்கமாட்டாங்க. நானே போன வருசம் ஆடி முடியட்டும்னு ஒரு மாசம் மச்சான் ஊட்ல கெடந்தனுங்க. எனக்கென்ன ஆடி? ஊட்டுக்காரம்மாவுக்கு ஆடி."

ஆடி என்றால் எனக்கு ஆடிக்கூழ்தான் நினைவுக்கு வரும். அயலில் உள்ள சைவக்காரர்கள் சட்டியில் கொண்டு வந்து தருவார்கள். கல்யாணம் வைக்கமாட்டார்கள் என்பதும் தெரியும். அதற்கும் வீட்டுக்கும் தொடர்பு உண்டு என்று நான் நினைக்கவே இல்லை. அப்படியானால் அதை என்னிடம் சொல்லலாமே, ஏழு வீட்டில் ஒருவர்கூடச் சொல்லவில்லையே என்றேன்.

"நீங்க வாசல்லயே கிறிஸ்டியன்னு சொல்லிப்போட்டீங்கல்ல. அப்பறம் உங்ககிட்டப் போயி ஆடி ஆகாதுன்னு சொன்னா உங்க மனசு என்ன ஆகும்னு அவங்களுக்கு ரோசனை. என்கிட்டயும் யாரும் வாயத் தொறந்து சொல்லலீங்க. நானாப் புரிஞ்சுக்கிட்டேன்."

"அப்ப அந்த வடவள்ளி வீடு வேற ஆளுக்குப் போயிட்டுதே."

"அதத்தான் சொல்றேன். ஆடில யாருங்க வந்து புடிப்பாங்க? ஆடில போர்டைக் கழட்டுறாங்கன்னா, ஆளு முன்னாடியே முடிவாயிருச்சுன்னு அர்த்தம். புதன்கிழமை அந்தூட்டுக்குப் போன ஆளு யாருங்க?"

புதன்கிழமை போனது நான்தான். மீதிப் பன்னைத் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். ரபீக் கேட்காமலே வண்டியை மலை தெரியும் பக்கம் திருப்பினார். அழைக்காமல் போவது சரியில்லை, வேறு அர்த்தமாக இருந்தால் என்ன செய்வது என்று நான் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் காதில் விழாததுபோல் ஹாரன் அடித்தார்.

மூன்றேகாலுக்கு வடவள்ளி. தங்கமணியம்மா கேட்டுக்கே வந்துவிட்டார். புடவையில் சுண்ணாம்புத் துளிகள்.

"வாங்க அம்மணி. ஏனுங்க, நேத்து அத்தன தூரம் வந்துபோட்டு எதுத்தாப்லயே நின்னுட்டுப் போயிட்டீங்க? நான் மேல சுண்ணாம்பு அடிச்சிட்டு இருந்தனுங்க. கூப்புட்டேன். உங்களுக்குக் கேக்கல. கையக் கழுவிட்டு எறங்கி வாரதுக்குள்ள பஸ்ஸுல ஏறிட்டீங்க."

மாடியில் நடமாடியது அவர்தான். எனக்காகத்தான் சுண்ணாம்பு. பலகையைக் கழற்றியதும் எனக்காகத்தான். அது கதவுக்குப் பின்னால் சாய்ந்து நின்றது. அதற்குப் பிறகு வந்து கேட்ட ஒரு குடும்பத்தையும் ஆள் ஆகிவிட்டது என்று அனுப்பிவிட்டாராம். எனக்கு எதுவும் தெரியாமல், நான் அங்கே குடி ஆகி இரண்டு நாள் ஆகியிருந்தது.

உட்கார்ந்ததும் படிவத்தை எடுத்து வைத்தேன். இன்று ஐந்து மணி, பாலக்காடு, விடுதி, எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவின் முகம் சுருங்கியது. முதல் முறையாக அவர் வாயிலிருந்து ஆடி என்ற சொல் வந்தது, அதுவும் கணவரைப் பார்த்து. இன்னும் பத்து நாள் இருக்கிறது, இதில் கையெழுத்துப் போட்டால் குடி வைத்ததுபோல் ஆகாதா என்று கேட்டார். என்னைப் பார்த்து, தப்பாக நினைக்க வேண்டாம், இது உங்களுக்கு நல்லது நடக்க வேண்டும் என்றுதான் என்று சொன்னார். நான் சரி சரி என்றேன். வேறென்ன சொல்வது? அவர் வீடு, அவர் ஆடி.

ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தை முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார். அடிக்குறிப்பு வரை படித்தார். இரண்டாவது பக்கத்தைப் படித்துவிட்டு மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார். சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஐம்பது. வாசலில் ரபீக் செருமினார். ஐயா கண்ணாடியைக் கழற்றினார்.

"தங்க வைக்கறவங்க பேரு, தங்கறவங்க பேரு. அவ்வளவுதான் கேக்கறாங்க. வாடகைன்னு எங்கயும் இல்ல" என்றார்.

"நல்லாப் பாருங்க. எங்கயுமே இல்லீங்களா?"

"இல்ல."

அம்மா எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டார்.

"அப்ப அம்மணி நம்மூட்டு ஒறம்பரை. ஒறம்பரை வாரதுக்கு ஆடி என்ன, மார்கழி என்ன? கீழ நடு ரூமுல பத்து நாள் இருக்கட்டும். ஆவணி பொறந்ததும் பால் காய்ச்சிட்டு மேல போகட்டும். ஏனுங்க, கையெழுத்தப் போடுங்க."

ஒறம்பரை என்றால் விருந்துக்கு வந்த உறவு. ஐயா கையெழுத்துப் போட்டார். ஒவ்வோர் எழுத்தாக, அழுத்தி. ரபீக் என் கைத்தொலைபேசியை வாங்கி இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து மேலாளருக்கு அனுப்பினார். அப்போது நான்கு மணி ஏழு நிமிடம். நான்கு இருபதுக்குப் பதில் வந்தது. திங்கள் ஒன்பது மணிக்கு வந்துவிடுங்கள் என்று.

ஒரு சிக்கல் மிச்சம். ஒறம்பரை என்றால் கைப்பையோடுதான் வர வேண்டும், வீட்டுச் சாமானோடு வரக் கூடாது என்று அம்மா ஆட்டோவைப் பார்த்தபடி சொன்னார். வாசலில் தகரப் பெட்டி உட்கார்ந்திருந்தது. பதினெட்டுக் கிலோ. ரபீக்தான் தீர்ப்புச் சொன்னார்.

"பெட்டி எங்கூட்ல இருக்கட்டுங்க டீச்சர். எங்கூட்டுப் பக்கம் ஆடி எட்டிப் பாக்காது. திங்கக்கிழமை நேரா கிளாசுக்கே கொண்டு வந்து எறக்கிடறேன்."

விடுதியில் ஞாயிறு வரை இடம் இருந்ததால் சனிக்கிழமை அங்கேயே இருந்தேன். உறவு வீட்டுக்கு வெறுங்கையோடு போவது எந்த ஊரிலும் சரியில்லை. மாலையில் பேக்கரியில் முட்டை சேர்க்காத வெறும் கேக் ஒன்று வாங்கினேன், இருநூற்று எண்பது ரூபாய். தங்கமணியம்மா வீட்டில் என்ன வழக்கமோ தெரியாதே என்று முன்யோசனையோடுதான் வாங்கினேன். தகரப் பெட்டியை ரபீக்கிடம் கொடுக்குமுன் அதிலிருந்து இரண்டு குழல்களை மட்டும் எடுத்து வைத்திருந்தேன். காலையிலேயே சமையற்கார அக்காவிடம் பாத்திரம் கேட்டு ஐசிங் அடித்து, நாற்பது மல்லிகைப் பூ செய்து காயவைத்திருந்தேன். அவற்றைக் கேக்கின் மேல் வைத்தேன். அந்த வாரத்தில் எனக்கு விளங்கிய ஒரே வேலை அதுதான்.

ஞாயிறு ஆராதனை முடிந்து, மாலை நான்கு மணிக்குக் கைப்பையும் கேக்குமாக வடவள்ளி. இந்த முறையும் பேருந்து, இந்த முறையும் காசில்லை. அம்மா கேக் பெட்டியைத் திறந்து பூக்களைப் பார்த்தார். உண்மைப் பூவா என்று கேட்டு ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். ஐயாவைக் கூப்பிட்டுக் காட்டினார். பக்கத்து வீட்டையும் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு ஐந்து பூவை எடுத்துச் சின்னத் தட்டில் அடுக்கி, பூசை அலமாரியில் அம்மன் படத்துக்கு முன்னால் வைத்தார். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. கேக்கில் முட்டை இல்லை. பூவில் இருக்கிறது. முட்டை வெள்ளைக்கருவை அடித்துச் செய்வதுதான் என் ஐசிங். இருபத்தாறு வருடப் பழக்கம், கை தானாகச் செய்துவிட்டது.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. பழைய நானாக இருந்தால் விட்டிருப்பேன். ஆனால் அந்த வாரம் முழுக்க, மற்றவர் மனம் நோகக் கூடாதென்று ஏழு வீட்டார் பேசாமல் இருந்ததாலும், நான் கேட்காமல் இருந்ததாலும்தான் நான் பேருந்து நிலையம் வரை போகப் பார்த்தேன். அம்மா விளக்கேற்றத் தீப்பெட்டியை எடுத்தார்.

"அம்மா, பொறுங்கோ. அந்தப் பூவில முட்டை கிடக்கு. நான் மறந்துபோனன்."

அம்மா கையை நிறுத்தினார். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தட்டை எடுத்துப் போய்த் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் வைத்தார். கையைக் கழுவிவிட்டு வந்து விளக்கேற்றினார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இப்படி வாயத் தொறந்து சொல்லிப்போட்டாத் தேவல கண்ணு. நானும் புதன்கிழமையே சொல்லியிருக்கோணும். சொல்லல."

பிறகு தட்டிலிருந்து ஒரு மல்லிகையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். எங்களுக்கு ஒன்றுமில்லை, ஆத்தாளுக்குத்தான் ஆகாது என்றார்.

எங்கள் ஊரில் இல்லை என்றால் வாசலிலேயே இல்லை என்று சொல்லிவிடுவார்கள். காப்பியும் தரமாட்டார்கள், காத்திருக்கவும் வேண்டியதில்லை. எது நல்லது என்று என்னால் சொல்ல முடியவில்லை. இங்கே சரி என்பதையும் சொல்லமாட்டார்கள் போலிருக்கிறது. பலகையைக் கழற்றிவிட்டுச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். ஆவணி முதல் தேதி பால் காய்ச்ச வேண்டும் என்கிறார்கள். அதை நான் காய்ச்ச வேண்டுமா, அவர்கள் காய்ச்சுவார்களா, பொங்க விட வேண்டுமா, ஒன்றும் தெரியாது. இந்த முறை கேட்டுக்கொள்வேன்.

மறுநாள் திங்கட்கிழமை எட்டே முக்காலுக்கு ரபீக் தகரப் பெட்டியை வகுப்பு வாசலில் இறக்கினார். பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். அதில் எட்டுப் பேர் முட்டை இல்லாத பூ செய்யக் கற்றுத் தரச் சொன்னார்கள். அது எனக்கு இன்னும் தெரியாது என்று சொன்னேன்.